பின்வாசல் வழியாகப் போனவர்கள்

பலகையில் ஒரே ஒரு டோக்கன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பூனாவுக்குப் பக்கத்தில், பவனா அணையின் நீர்த்தேக்கக் கரை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் இன்னும் மலையைத் தாண்டி வரவில்லை. முதல் அணியில் இறங்கியவர்கள் நீந்தி முடித்து, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்கக் கரையேறினார்கள். ஆளாளுக்குப் பலகையிலிருந்து தங்கள் டோக்கனை உருவிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினார்கள். கரையெல்லாம் ஈரக் கால்தடம்.

நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசி ஆள் வந்து எடுத்துக்கொண்டு போன பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. தண்ணீரைப் பார்த்தேன். ஒரு தலையும் தெரியவில்லை.

விக்னேஷைக் கூப்பிட்டேன். போட்டியை நடத்துகிறவன் அவன்தான். கோயம்புத்தூர்க்காரன், ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"ஒரு ஆள் இன்னும் வெளிய வரலை."

அவன் பலகையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், இறங்கத் தயாராக நின்ற இரண்டாவது அணியைப் பார்த்தான்.

"அது அரவிந்தோட டோக்கனுங்க ஆன்ட்டி. இந்த வருஷம்தான் புதுசா வந்தவரு. முடியாம அக்கட்டால கரையில ஏறி வீட்டுக்குப் போயிருப்பாருங்க."

வீட்டுக்குப் போயிருப்பார். இந்த வார்த்தையை இதே மாதிரி ஒரு கரையில் நின்று நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

"ரெண்டாவது அணி இறங்கக் கூடாது. படகைத் தேட அனுப்பு" என்றேன்.

"இருக்கறது ஒரே படகுங்க. அதை அனுப்பிட்டா போட்டியே நின்னுரும்."

"நிக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

கேட்டவர்களுக்கு

தேஹு ரோடு ராணுவ டிப்போவில் எனக்கு வேலை கிடைத்ததைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியபோது, 'கருணை அடிப்படையில்' என்று இரண்டே சொல்லில் தாண்டிப் போய்விட்டேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. யார் போனது, எப்படிப் போனது என்று கேட்கிறார்கள். ஒருவர், 'அந்த இடத்தில் மட்டும் ஏன் பேனா ஓடுகிறது?' என்று குத்தலாகவே கேட்டிருந்தார். ஓடத்தான் செய்தது. இந்த வாரம் நிற்கிறேன்.

போனவர் என் கணவர் செல்வராஜ். அதே டிப்போவில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். அவரைக் கொண்டுபோன விளையாட்டுக்கு ட்ரையத்லான் என்று பெயர். முதலில் நீந்த வேண்டும், நனைந்த உடம்போடு சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாலும் கடிகாரம் உங்களுக்காக நிற்காது.

இது அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யார் உடம்பு உசத்தி என்று ஹவாய்த் தீவில் சில பேருக்குள் வாய்ச்சண்டை வந்ததாம். மூன்றையும் ஒரே மூச்சில் செய்து பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்களாம். ஆண்பிள்ளைகள் வாய்ச்சண்டை போட்டால் பெண்பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்து சேரும். எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மட்கார்டு இல்லாத சைக்கிள்

பூனாவுக்கு அது வந்தபோது தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. குல்கர்ணி என்று ஒரு நீச்சல் பயிற்சியாளர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு குளத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, இங்கேயும் நடத்திவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றார். கொஞ்சம் ராணுவ ஜவான்கள், எங்கள் டிப்போ ஆட்கள், ஒரு பல் டாக்டர், கல்லூரி மாணவர்கள் கொஞ்சம். முதல் போட்டிக்கு வந்த கூட்டத்தை ஒரு சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் திணித்துக் கூட்டிப் போயிருக்கலாம்.

அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீந்திவிட்டு வந்தவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் மறைப்புப் பிடிக்க ஒருவர் சாவகாசமாக உடை மாற்றினார்கள். பல் டாக்டர் சைக்கிள் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டுதான் ஏறினார். அவர் ஜெயித்தும் விட்டார்.

என் வீட்டுக்காரர் தாமிரபரணியில் நீந்திப் பழகியவர். சைக்கிளில்தான் டிப்போவுக்குப் போவார். சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சைக்கிளின் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார். ஞாயிறு போட்டி. திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போவார். ஒரு தடவை அவசரத்தில் மணியை மாட்ட மறந்து, டிப்போ கேட் வரைக்கும் வாயாலேயே 'ட்ரிங் ட்ரிங்' என்று சொல்லிக்கொண்டு போனதாகச் சொன்னார். நம்பவில்லை. ஆனாலும் சிரித்தேன்.

ஓட்டம் மட்டும் அவருக்கு வராது. எலுமிச்சைச் சாதத்தில் உப்பைத் தூக்கலாகப் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்புவேன். அதைத் தின்றுகொண்டே பாதி தூரம் நடந்து போவார்.

கேட்கக் கூடாது

வருஷா வருஷம் கூட்டம் கூடியது. பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. பம்பாயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குளத்தில் இடம் போதவில்லை என்று நீச்சலை அணைக்கு மாற்றினார்கள். விளையாட்டு வளர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் பெருமை. குளத்தில் கால் ஊன்றினால் அடி தட்டும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அணைக்குப் போன பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. இவர்கள் எல்லோரும் ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வருகிறவர்கள். அண்டை வீட்டுக்காரரையெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பாதி நீச்சலில் கை ஓய்ந்து போனால், இத்தனை பேர் முன்னால் எப்படித் திரும்பி வருவது? எதிர்க்கரையில் ஏறிவிடுவார்கள். அந்தப் பக்கம் எருமை மேய்க்கிற ஜனங்கள்தான். ஈர டவுசரோடு ரோடு வரைக்கும் நடந்து, பால் வண்டி ஏதாவது வந்தால் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செருப்பு, சட்டை, சைக்கிள் எல்லாவற்றையும் மறுநாள் நண்பர் யாராவது கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு அவர்களே வைத்த பெயர் பின்வாசல்.

இதில் ஒரு மரியாதை உண்டு. பின்வாசல் வழியாகப் போனவனை யாரும் தேடக் கூடாது, எங்கே போனான் என்று வாய் திறந்து கேட்கவும் கூடாது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கேட்டேன்.

"ஏட்டி, கேக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். "கேட்டா அவனுக்கு அவமானம். அடுத்த வருசம் வரவே மாட்டான். நாங்க கண்டுக்கிடாம விட்டாத்தான் மறுபடி வருவான்."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அப்படி நழுவிப் போனவர்கள் அடுத்த வருஷம் வரத்தான் செய்தார்கள்.

அந்த ஞாயிறு

அந்த வருஷம் நானும் கூடப் போனேன். சைக்கிள்கள் நிற்கும் மூங்கில் தடுப்புக்குப் பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்து சைக்கிளை எடுத்தார்கள். போகப்போகத் தடுப்பு காலியாகிக்கொண்டே வந்தது. அவருடைய சைக்கிள் மட்டும் நின்றது.

குல்கர்ணியிடம் போனேன். அவர் மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"வஹினி, தோ கரீ கேலா அஸேல்" என்றார். அண்ணி, அவன் வீட்டுக்குப் போயிருப்பான்.

"செருப்பு இங்க கிடக்கு. சட்டை இங்க கிடக்கு. என்னை இங்க விட்டுட்டு எப்படிப் போவாரு?" எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

"எல்லாரும் அப்படித்தான் போவாங்க. சத்தம் போடாதீங்க, அவனுக்குத்தான் அவமானம். நீங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க, படுத்திருப்பான்."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் முகத்தில்கூடப் பயம் இல்லை. எல்லோரும் எனக்காகச் சங்கடப்பட்டார்கள், அவ்வளவுதான். அவர் ஏதோ கெட்ட இடத்துக்குப் போனதைப் பெண்டாட்டி கண்டுபிடித்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு ஜீப்பில் என்னை காம்ஷேட் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். லோக்கல் ரயில் பிடித்து தேஹு ரோடு வந்து, குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன்.

காலையில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது கரையில் மைக் வைத்துப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தனியாக நடந்து வருவதைப் பார்த்ததும் குல்கர்ணி கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தார். அதன் பிறகுதான் தேடினார்கள். மறுநாள் காலை மீன் பிடிக்கிறவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

எதிர்க்கரைக்குப் பக்கத்தில் கிடந்தார். இடுப்பளவு தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம்தான் தூரம். தசை பிடித்துக்கொண்டதா, நெஞ்சு நின்றுபோனதா என்று டாக்டரால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. வெட்கப்பட்டு அந்தக் கரைக்குப் போனாரா, உயிர் பிழைக்கப் போனாரா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. உடனே தேடியிருந்தால் உயிரோடு கிடைத்திருப்பாரா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கிடைத்திருப்பார் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குல்கர்ணி வீட்டுக்கு வந்து அழுதார். காப்பி போட்டுக் கொடுத்தேன். மன்னிக்கவில்லை. அதோடு போட்டியும் சில வருஷங்களுக்கு நின்றுபோனது.

பித்தளை டோக்கன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்தார்கள். அதில் எண் பொறித்திருந்தது. வெடிபொருள் பகுதிக்குள் போகிறவர்கள் வாசல் பலகையில் அவரவர் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தீப்பிடித்தால் பலகையைப் பார்த்தே யார் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்துவிடும். வேறு ஆள் டோக்கனை நாம் தொடக் கூடாது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஒரு டோக்கன் மிஞ்சியது. சங்கு ஊதவில்லை. கேட்டைத் திறக்கவில்லை. ரயிலுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில், மரப்பெட்டிகளுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். எல்லோரும் திட்டினார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவமானம் என்று பார்த்து ஒருவரும் அவரைத் தேடாமல் விடவில்லை.

அன்றைக்கு நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் தினமும் இதே பலகையில் டோக்கன் மாட்டி எடுத்தவர். கூடப் போட்டிக்குப் போன டிப்போக்காரர்களும்தான். வாரம் முழுக்கச் செய்ததை ஞாயிற்றுக்கிழமை தண்ணீருக்குப் பக்கத்தில் செய்ய இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! இரும்புக்கும் வெடிமருந்துக்கும் காட்டிய கவனம் ஒரு மனுஷனுக்கு இல்லாமல் போய்விட்டது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

விக்னேஷ் கேட்டது, நான் கேட்டது

சிட்னி ஒலிம்பிக்ஸில் ட்ரையத்லானைச் சேர்த்தார்கள். டி.வி.யில் காட்டினார்கள். நான் அணைத்துவிட்டேன். கொஞ்ச வருஷத்தில் ஹிஞ்சேவாடி ஆட்களும் சாகண் தொழிற்சாலை இன்ஜினியர்களும் ஒன்றுசேர்ந்து பூனாவில் போட்டியை மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு விரலால் தூக்கிவிடுகிற மாதிரி சைக்கிள்கள், உடம்பை இறுக்குகிற உடுப்பு. துண்டும் சீப்பும் காணாமல் போயின. ஆபீஸ், ஈமெயில் என்று தம்பட்டம் மட்டும் பெரிதாகியிருந்தது.

விக்னேஷ் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பழைய ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோப்பைக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைக்க அனுமதி கேட்டான்.

"பேரு வேண்டாம்" என்றேன். "ஒரு பலகை வைக்கணும். தண்ணிக்குள்ள போறவன் டோக்கனை மாட்டிட்டுப் போகணும். வந்து அவனேதான் எடுக்கணும். ஒண்ணு மிஞ்சினா போட்டி நிக்கணும். நான் வந்து பலகைகிட்ட நிக்கேன்."

சரி என்றான். சில வருஷங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. டோக்கன் எடுக்க நேரம் விரயமாகிறது என்று புலம்பிக்கொண்டே எடுத்தார்கள். பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன அந்த ஞாயிறு.

கதவு

படகு போனது. இரண்டாவது அணி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அரவிந்தின் செல்போன் அவன் பையில்தான் இருந்தது. நாங்கள் கூப்பிட்டபோது சைக்கிளுக்குப் பக்கத்தில் அதுவே அடித்தது. விக்னேஷ் அரவிந்தின் மனைவியின் எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டான். மணி அடித்ததும் போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கினேன்.

அவள் பெயர் நித்யா. சென்னைப் பெண்.

"அவர் இங்க வரலையே ஆன்ட்டி. அங்கதானே இருக்கார்? என்ன ஆச்சு?"

"தெரியலைம்மா. தேடிட்டு இருக்காங்க. நீ வீட்டுலயே இரு. எங்கயும் கிளம்பாத. கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்லயே உக்காரு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. படகிலிருந்தவர்கள் கம்பை விட்டுத் துழாவுவதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பி நின்றேன். சைக்கிளில் போயிருந்தவர்களையும் நடுவழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒருவன், சாகண் இன்ஜினியர், நேராகவே வந்து சண்டை போட்டான். இதற்காக ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தானாம். யாரோ ஒரு ஆன்ட்டிக்குப் பயம் என்பதற்காக எல்லாம் வீணா என்று கேட்டான். அவன் கத்தலாம். அவன் கரையில் நிற்கிறான்.

விக்னேஷின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்துட்டாருங்களாம் ஆன்ட்டி."

அதேதான். எதிர்க்கரையில் ஏறி, வெறுங்காலோடு நடந்து, வழியில் வந்த டெம்போவில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறான். கரையில் பெரிய கூச்சல் எழுந்தது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள்.

"நான் அப்பவே சொன்னேனுங்களே" என்றான் விக்னேஷ். குரலில் கோபமில்லை, சோர்வுதான்.

"அடுத்த வருசமும் நிறுத்துவேன். போனைக் குடு, அந்தப் பொண்ணுகிட்ட பேசுதேன்."

நித்யா அழுதுகொண்டிருந்தாள். "வந்துட்டார் ஆன்ட்டி. நீங்க சொன்ன மாதிரி வாசல்லயே உக்காந்திருந்தேன். நடந்து வந்து எதிர்ல நின்னார். உங்ககிட்ட ஸாரி சொல்லணும்கறார்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. ஆனால் எனக்கு வந்தது பொறாமை. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் வயிறெரியப் பொறாமை. என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதையேதான் அவள் புருஷனைப் பற்றியும் சொன்னார்கள். அவளுக்கு அது பலித்துவிட்டது.

"ஸாரி எல்லாம் எனக்கு எதுக்கு?" என்றேன். "நீ அவனைத் திட்டினியா?"

"இல்ல ஆன்ட்டி. வந்ததே போதும்னு இருக்கு. எப்படித் திட்டறது?"

"திட்டு. வாய் நெறையத் திட்டு. இப்பவே திட்டு."

போனைக் கொடுத்துவிட்டு நடந்தேன். என் வீட்டுக்காரர் படுத்திருப்பார் என்று சொல்லி அனுப்பினார்களே, அன்றைக்கு லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கதவைத் திறந்ததும் அவரை என்னென்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று தேஹு ரோடு வரைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தேன். அத்தனையும் இன்னும் என்னிடமே இருக்கிறது.